கிராஃபைட்டைக் கையில் எடுத்துப் படிப்போம்: பள்ளிப் பிள்ளைகளுக்கும் பட்டறைக்குப் புதியவர்களுக்கும்

பர்மாவின் மாணிக்கச் சுரங்க ஊரான மொகோக்கிலிருந்து ரங்கூனுக்கு வரும் வெள்ளைப் பளிங்குத் துண்டுகளில் சிவப்பாக ஒரு மாணிக்கமோ அதைப் போன்ற ஸ்பைனல் கல்லோ பதிந்திருந்தால் எல்லார் கண்ணும் அதன் மேலேயே இருக்கும். அதே பளிங்கில், சிவப்புக் கல்லுக்குப் பக்கத்திலேயே, சாம்பல் கலந்த கருப்பில் மினுக்கும் சின்னச் செதில்கள் பல துண்டுகளில் உண்டு. விரலை வைத்து அழுத்தித் தேய்த்தால் விரல் கறுத்துப்போகும். அதுதான் கிராஃபைட். ஆதியில் கடலடிச் சுண்ணாம்புச் சேற்றில் கலந்து கிடந்த உயிர்களின் மிச்சம், மண்ணுக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து, கடைசியில் கார்பன் மட்டும் மிஞ்சிச் செதிலாகிவிட்டது. விலை பேசும்போது அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு அந்தச் செதில் மேல் தனிப் பிரியம் உண்டு.

வேதியியல் பாடத்தில் இதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள்: கிராஃபைட் அடுக்கடுக்காக இருக்கும், அடுக்குகள் வழுக்கும், மின்சாரம் கடத்தும். மார்க் வாங்க அது போதும். ஆனால் பட்டறையில் தங்கம் உருக்கும் மூசை, மின்சாரம் போனதும் தெருவெல்லாம் சத்தம் போடும் ஜெனரேட்டருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ், சட்டைப் பையில் இருக்கும் போன் பேட்டரி என எல்லாவற்றிலும் இதே பொருள்தான் வேலை செய்கிறது. அதன் அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று ஒருமுறை கையால் வரைந்து பார்த்துவிட்டால், மூசை ஏன் விளிம்பில் முதலில் தேய்கிறது, பிரஷ் ஏன் செம்போடு ஒட்டிக்கொள்வதில்லை என்பதையெல்லாம் நீங்களே யோசித்துச் சொல்லலாம். ஒவ்வொரு அடுக்கையும் ஒரு தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: நடப்பது தளத்தோடு நடக்கிறதா, தளத்துக்குக் குறுக்கே நடக்கிறதா?

தேவையானவை

6பி பென்சில் ஒன்று. கிடைக்காவிட்டால் 4பி, அதுவும் இல்லையென்றால் 2பி. எச்பி பென்சிலில் களிமண் அதிகம், சோதனை சரியாக வராது. அப்புறம் 9 வோல்ட் பேட்டரி, ஒரு சிவப்பு எல்இடி, முதலை கிளிப் வைத்த வயர் இரண்டு, செல்லோடேப், பட்டர் பேப்பர், கொஞ்சம் அட்டை, ஒரு ஸ்கேல். வீட்டில் யாராவது கல் வியாபாரத்தில் இருந்தால் அவர்களுடைய 10 மடங்கு லூப்பை (கல் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி) கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு மின்சாரத்தின் பக்கம் போகாதீர்கள். பென்சில் குச்சி மின்சாரத்தைக் கடத்தும், அதை பிளக்கில் வைத்தால் உயிருக்கே ஆபத்து. கார் பேட்டரியும் இன்வெர்ட்டர் பேட்டரியும் கூட வேண்டாம். 12 வோல்ட்தானே என்று தோன்றும், ஆனால் அவற்றிலிருந்து பாயும் கரண்ட் பென்சில் குச்சியைச் செக்கச் செவேல் என்று பழுக்க வைத்து மரத்தில் தீயைப் பிடிக்க வைத்துவிடும். டார்ச் பேட்டரியை உடைத்து உள்ளே இருக்கும் கார்பன் குச்சியை எடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அல்கலைன் பேட்டரியில் அந்தக் குச்சி கிடையாது, உள்ளே தோலைப் பொசுக்கும் காரம்தான் இருக்கும். ஆகவே எதையும் உடைக்க வேண்டாம், பென்சில் போதும்.

முதலில் கண்ணால் பாருங்கள்

பளிங்கில் இருக்கும் செதில் கிடைத்தால் லூப்பில் பாருங்கள். கிடைக்காவிட்டால் 6பி பென்சிலைக் காகிதத்தில் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தித் தேய்த்து, அந்தப் பளபளப்பைச் சாய்த்துப் பாருங்கள். செதில் தட்டையாக இருக்கும், ஓரத்தில் நகத்தை வைத்தால் தாள் தாளாக உரியும். மெல்லிய செதிலை வளைத்தால் வளையும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. தொட்டால் எண்ணெய் தடவியதுபோல் ஒரு வழவழப்பு. நகத்துக்கே கீறும் அளவுக்கு மென்மை.

இதே தோற்றத்தில் மாலிப்டினைட் என்று இன்னொரு கனிமம் உண்டு. பழைய காலத்தில் இரண்டையும் ஒன்றென்றே நினைத்தார்கள். சுவீடன் வேதியியலாளர் ஷீலே 1778, 1779 வாக்கில்தான் இரண்டையும் பிரித்துக் காட்டி, கிராஃபைட் என்பது கார்பன் என்று நிறுவினார். 1797இல் ஸ்மித்சன் டெனன்ட் வைரத்தை எரித்துப் பார்த்து அதுவும் கார்பன்தான் என்று காட்டினார். நகைக்கடைப் பெட்டியில் இருக்கும் வைரமும் பிள்ளையின் பென்சில் டப்பாவில் இருக்கும் கருப்புக் குச்சியும் ஒரே தனிமம். பிறகு ஏன் ஒன்று உலகத்திலேயே கடினமாகவும் மற்றது விரலில் ஒட்டும் அளவுக்கு மென்மையாகவும் இருக்கின்றன? அணு ஒன்றுதான், அடுக்கிய விதம்தான் வேறு.

அப்புறம் வரையுங்கள்

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். படத்தைப் பார்த்துப் படிப்பதற்கும் நாமே வரைவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

பட்டர் பேப்பரில் ஒரு அறுகோணம் போடுங்கள், ஒவ்வொரு பக்கமும் 14 மில்லிமீட்டர். அதன் ஒவ்வொரு பக்கத்தையும் ஒட்டி இன்னொரு அறுகோணம், அதை ஒட்டி இன்னொன்று என்று தாள் நிறைய வரைந்துகொண்டே போங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிதான் கார்பன் அணு. கோடுதான் பிணைப்பு. எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதிலிருந்து மூன்று கோடுகள்தான் கிளம்பும், இரண்டு கோடுகளுக்கு நடுவே 120 டிகிரி. ஓரத்தில் இருக்கும் புள்ளிகளுக்கு மட்டும் ஒன்றோ இரண்டோ குறையும். இந்த ஓரப் புள்ளிகளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வையுங்கள், பின்னால் நிறைய வேலை இருக்கிறது.

இன்னொரு பட்டர் பேப்பரில் அதே படத்தை மறுபடி வரைந்து முதல் தாள் மேல் வையுங்கள். சரியாக மேலுக்கு மேல் வைக்காதீர்கள். ஒரு பக்க நீளம் அளவுக்கு, ஒரு கோட்டின் திசையிலேயே நகர்த்துங்கள். இப்போது மேல் தாளின் புள்ளிகளில் பாதி, கீழ்த் தாளின் புள்ளிகளுக்கு நேர் மேலே இருக்கும். மீதிப் பாதி, கீழே இருக்கும் அறுகோணங்களின் நடு மையத்துக்கு மேலே இருக்கும். மூன்றாவது தாள் முதல் தாளைப் போலவே மறுபடி வரும். இந்த அமைப்பை எக்ஸ் கதிர்களை வைத்துக் கண்டறிந்து 1924இல் வெளியிட்டவர் ஜே. டி. பெர்னால்.

இனி தாளுக்கும் தாளுக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது? உண்மையில் ஒரே தளத்தில் பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு நடுவே 0.142 நானோமீட்டர். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் நடுவே 0.335 நானோமீட்டர். நீங்கள் வரைந்த அளவு கிட்டத்தட்ட பத்துக் கோடி மடங்கு பெரிது. அதே கணக்கில் தாள்களுக்கு நடுவே 33 மில்லிமீட்டர் வர வேண்டும். படத்தை அட்டையில் ஒட்டி, நான்கு மூலையிலும் 33 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குச்சி வைத்து நிறுத்திப் பாருங்கள். அவ்வளவு வெட்ட வெளி இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருக்கும். ஒரு கன சென்டிமீட்டர் வைரம் 3.51 கிராம் இருக்க, கிராஃபைட் 2.26 கிராம் மட்டும் இருப்பதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். எடை குறைவதையும் தள இடைவெளியையும் சேர்த்துப் பார்க்கும் பிள்ளை, பாடத்தைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள கிராஃபைட்டில் இப்படிக் கிட்டத்தட்ட 30 லட்சம் தளங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன.

நாலாவது எலக்ட்ரான் எங்கே போனது?

கார்பனுக்கு வெளிச்சுற்றில் நாலு எலக்ட்ரான்கள். வைரத்தில் ஒவ்வொரு அணுவும் நாலு பக்கமும் நாலு அணுக்களோடு கை கோத்துவிடும், மிச்சம் எதுவும் இல்லை. பிணைப்பு நீளம் 0.154 நானோமீட்டர். எந்தத் திசையில் அழுத்தினாலும் பிணைப்புத்தான் எதிர்த்து நிற்கும், ஆகவே கடினம். எலக்ட்ரான்கள் எல்லாம் பிணைப்புக்குள் கட்டுண்டு கிடப்பதால் மின்சாரம் கடத்தாது, கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கவும் வழியில்லாமல் தெளிவாக இருக்கிறது.

கிராஃபைட்டில் மூன்று எலக்ட்ரான்கள் தளத்துக்குள்ளேயே மூன்று பக்கத்து அணுக்களோடு சகப்பிணைப்பில் (எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்ளும் பிணைப்பு) சேர்ந்துவிடுகின்றன. நாலாவது, தளத்துக்கு மேலும் கீழுமாக நீண்டு நிற்கிறது. ஒவ்வொரு அணுவின் நாலாவது எலக்ட்ரானும் பக்கத்து அணுவுடையதோடு கலந்து, அது அதற்கடுத்ததோடு கலந்து, தளம் முழுவதற்கும் பொதுச் சொத்தாகிவிடுகிறது. எந்த அணுவுக்கும் சொந்தமில்லை, எங்கே வேண்டுமானாலும் ஓடலாம், ஆனால் அந்தத் தளத்தோடு மட்டும்.

இந்த எலக்ட்ரான் இன்னொரு உதவியும் செய்கிறது. மூன்று பிணைப்பையும் இன்னும் இறுக்கிவிடுகிறது. 0.154 என்பது ஒற்றைப் பிணைப்பின் நீளம், இரட்டைப் பிணைப்பு என்றால் 0.134 அளவில் இருக்கும். கிராஃபைட்டின் 0.142 இரண்டுக்கும் நடுவில் வருகிறது. அதாவது தளத்துக்குள் இருக்கும் பிணைப்பு, வைரத்தின் பிணைப்பை விடக் குட்டையானது, வலுவானது. பிள்ளைகள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். "கிராஃபைட் மென்மையானது, ஆகவே அதன் பிணைப்பு பலவீனமானது" என்று எழுதிவிடுகிறார்கள். பிணைப்பு பலவீனம் இல்லை. தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே இருக்கும் ஈர்ப்புத்தான் பலவீனம். அதற்கு வான்டர்வால்ஸ் விசை என்று பெயர். அணுவுக்கு அணு கணக்குப் பார்த்தால், தளத்துக்குள் கட்டி வைத்திருக்கும் ஆற்றலில் நூறில் ஒரு பங்கு கூட வராது. அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் எழுதக் கூடாது. ஒன்றுமே இல்லையென்றால் பென்சில் குச்சி குச்சியாகவே நிற்காது.

வெற்றிலைக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு இலையைக் குறுக்கே கிழிக்க விரலுக்குப் பலம் வேண்டும், கட்டிலிருந்து ஒரு இலையை நகர்த்தி எடுக்கச் சும்மா தள்ளினால் போதும்.

பென்சில் கோட்டில் விளக்கு

காகிதத்தில் 5 சென்டிமீட்டர் நீளம், 1 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையை 6பி பென்சிலால் பளபளப்பு வரும்வரை தேயுங்கள். வெள்ளை இடம் எங்கும் தெரியக் கூடாது. பேட்டரியின் பாசிட்டிவ் வயரைப் பட்டையின் ஒரு முனையில் கிளிப் போட்டு மாட்டுங்கள். எல்இடியின் நீளமான கால் பட்டையின் மேல் பட வேண்டும், குட்டையான கால் இன்னொரு வயர் வழியாக பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் போக வேண்டும். எல்இடியை நேராக 9 வோல்ட்டில் மாட்டிவிடாதீர்கள், கருகிவிடும்.

கிளிப்புக்குப் பக்கத்தில் எல்இடியின் காலை அழுத்தினால் விளக்கு எரியும். காலைப் பட்டையின் மறுமுனைப் பக்கம் மெதுவாக நகர்த்துங்கள், வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். எரியாவிட்டால் பட்டையை இன்னும் தேயுங்கள், அல்லது எல்இடியின் கால்களை மாற்றிப் பாருங்கள். சிவப்பு எல்இடிதான் குறைந்த வோல்ட்டில் எரியும், அதனால்தான் சிவப்பு கேட்டேன்.

இவ்வளவு நன்றாக எலக்ட்ரான் ஓடுமென்றால் ஏன் சில சென்டிமீட்டரிலேயே வெளிச்சம் மங்குகிறது? பென்சில் குச்சி சுத்தமான கிராஃபைட் இல்லை. 1795இல் பிரான்ஸில் கோன்டே கண்டுபிடித்த முறைப்படி கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் குழைத்துச் சுட்டது. (ஈயம் கிடையாது, பிள்ளை பென்சிலைக் கடித்தால் ஈயம் போய்விட்டது என்று பதற வேண்டாம்.) காகிதத்தில் ஒட்டியவை துண்டு துண்டுச் செதில்கள். ஒரு செதிலுக்குள் எலக்ட்ரான் சுலபமாக ஓடும், ஒரு செதிலை விட்டு அடுத்த செதிலுக்குத் தாவும்போது திணறும். நல்ல ஒற்றைப் படிகத்தில் அளந்தால் தளத்தோடு போகும் கடத்தலுக்கும் தளத்துக்குக் குறுக்கே போகும் கடத்தலுக்கும் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கும். "அடுக்குகளுக்கு இடையே எலக்ட்ரான்கள் ஓடுகின்றன" என்று சில நோட்ஸில் பார்த்திருக்கிறேன். படிப்பவர்கள் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு ஓடுகிறது என்று புரிந்துகொள்கிறார்கள். தளத்தோடு ஓடுகிறது என்று திருத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பட்டையின் மேல் செல்லோடேப்பை ஒட்டி உரியுங்கள். கருப்பு ஒட்டிய டேப்பை இன்னொரு டேப்பில் ஒட்டி உரியுங்கள், அதை இன்னொன்றில். ஒவ்வொரு தடவையும் கருப்பு சாம்பலாகி வெளுத்துக்கொண்டே போகும். சுத்தமான கிராஃபைட் செதிலில் இப்படியே உரித்து, 2004இல் மான்செஸ்டரில் ஆண்ட்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒரே ஒரு அணுத் தடிப்புள்ள தளத்தைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதற்குக் கிராஃபீன் என்று பெயர், 2010இல் இயற்பியல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்த ஒற்றைத் தளம் மேலே விழும் ஒளியில் 2.3 சதவீதத்தை விழுங்குகிறது. லட்சக்கணக்கில் அடுக்கினால் ஏன் கருப்பாகத் தெரிகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

வழுக்கல்: பாடப் புத்தகம் சொல்லாமல் விடுவது

தளங்கள் ஒன்றின் மேல் ஒன்று நகர்வதால் கிராஃபைட் வழுக்குகிறது என்று படித்திருப்பீர்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி ஜெனரேட்டருக்குள் இருக்கிறது.

பிரஷ் வைத்த ஜெனரேட்டரில் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் போக வேண்டும். அதற்காகத் தண்டில் இரண்டு ஸ்லிப் ரிங் (உலோக வளையம்), ஒவ்வொன்றின் மேலும் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒரு கார்பன் பிரஷ், அதாவது கிராஃபைட் கட்டி. ரிங் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும், பிரஷ் அதன் மேல் உரசிக்கொண்டே கரண்டைக் கொடுக்கும். இந்த இடத்தில் செம்பை வைத்தால் உரசல் சூட்டிலும் தீப்பொறியிலும் செம்பும் ரிங்கும் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பிய்த்துவிடும். கிராஃபைட் உருகாது, ஆகவே ஒட்டாது. கரண்டையும் கடத்தும், தனக்குத் தானே மசகாகவும் இருக்கும். மூன்று குணமும் ஒரே பொருளில் கிடைப்பது அபூர்வம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்கள் முன்னை விட உயரத்தில் பறக்கத் தொடங்கின. தரையில் மாதக் கணக்கில் உழைத்த அதே கார்பன் பிரஷ்கள் உயரத்தில் சீக்கிரமே தூளாகிக் கொட்டின. கிராஃபைட் மாறவில்லை, தளங்களும் மாறவில்லை. உயரத்தில் காற்றில் ஈரம் இல்லை, அதுதான் காரணம். சாவேஜ் என்ற ஆய்வாளர் 1948இல் வெளியிட்ட சோதனைகள் இதைத் தெளிவாக்கின: நீராவியை எடுத்துவிட்டால் கிராஃபைட் வழுக்காது, உரசித் தேயும். கொஞ்சம் நீராவியை விட்டால் மறுபடி வழுக்கும்.

இப்போது உங்கள் பட்டர் பேப்பரை எடுத்து, சிவப்பு வட்டம் போட்ட ஓரப் புள்ளிகளைப் பாருங்கள். அந்த அணுக்களுக்கு ஒரு கை காலியாக இருக்கிறது. செதில் உரசி உடையும் ஒவ்வொரு தடவையும் புதிய ஓரங்கள் உண்டாகும், காலிக் கைகள் எதிரே கிடைப்பதைப் பிடித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் இருந்தால் நீர் மூலக்கூறுகள் வந்து அந்தக் கைகளை அடைத்துவிடும், செதில்கள் ஒன்றோடு ஒன்று கொக்கி போடாமல் நகரும். ஈரம் இல்லையென்றால் செதிலும் செதிலும் கொக்கி போட்டுப் பிய்க்கும். விண்வெளியில் கிராஃபைட்டை மசகாக நம்புவதில்லை. அங்கே மாலிப்டினம் டைசல்ஃபைடு பயன்படுகிறது, ஷீலே பிரித்துக் காட்டிய அந்த மாலிப்டினைட்டேதான். நம் ரங்கூன் மழைக்காலத்தில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை, பிரஷுக்கு அது நல்ல ஊர்.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒன்று. ஸ்லிப் ரிங் மேல் பிரஷ் ஓடும் தடத்தில் பழுப்பாக, சீராக ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும். அழுக்கு என்று நினைத்து உடனே எமரித் தாள் போட்டுப் பளபளக்கத் தேய்ப்பார்கள். தேய்க்காதீர்கள். கிராஃபைட்டும் செம்பு ஆக்சைடும் கொஞ்சம் ஈரமும் சேர்ந்து உண்டான படலம் அது, பிரஷின் ஆயுளைக் கூட்டுவதே அதுதான். திட்டுத் திட்டாகக் கருகியிருந்தாலோ பள்ளம் விழுந்திருந்தாலோ மட்டும் கை வையுங்கள். முக்கியமாக, என்ஜினை நிறுத்திய பிறகு.

பூட்டுக்குக் கிராஃபைட் தூள் போடுவதும் இதே காரணத்தால்தான். எண்ணெய் விட்டால் தூசியைப் பிடித்துக் களியாகும், தூள் அப்படி ஆகாது. பென்சில் முனையைச் சாவியின் பல்லில் தேய்த்துப் பூட்டில் விட்டுத் திருப்பினாலே போதும். ஆனால் அலுமினியச் சாமான்களில், அதுவும் மௌலமியைன் போலக் கடற்காற்று படும் ஊர்களில், வேண்டாம். கிராஃபைட்டும் அலுமினியமும் உப்பீரமும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும். அந்த ஓடும் எலக்ட்ரான்கள் இங்கே நமக்கு எதிராக வேலை செய்கின்றன.

மூசை

வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும், தங்கம் 1064இல், செம்பு 1085இல். கிராஃபைட் சாதாரண அழுத்தத்தில் உருகவே உருகாது, 3600 டிகிரியையொட்டி நேராக ஆவியாகும். தளத்துக்குள் ஒவ்வொரு அணுவையும் பிடித்திருக்கும் மூன்று வலுவான பிணைப்புகளையும் அறுத்தால்தான் அணு வெளியே வரும். அதற்கு அவ்வளவு சூடு வேண்டும்.

வெப்பமும் தளத்தோடு வேகமாக ஓடும். மிக நல்ல படிகத்தில் தளத்தோடு ஓடும் வெப்பம் செம்பை விட நாலைந்து மடங்கு அதிகம், குறுக்கே போவது அதில் நூறில் ஒரு பங்கு கூட இல்லை. இங்கே ஓடுவது பெரும்பாலும் எலக்ட்ரான் அல்ல, இறுக்கமான பிணைப்புகளின் வழியே பரவும் அதிர்வு. வைரம் சோதிக்கும் கருவியின் முனை வைரத்தில் பட்டதும் காட்டிக் கொடுப்பதும் இதே அதிர்வின் வேகத்தால்தான். மூசையில் கிராஃபைட் செதில்கள் களிமண்ணோடு கலந்து பல திசையில் கிடக்கும். சூடு ஒரே இடத்தில் தேங்காமல் பரவுவதால் சட்டென்று தீ பட்டாலும் மண் மூசை போல வெடிப்பதில்லை. உருகிய தங்கம் கிராஃபைட்டை நனைப்பதும் இல்லை, குண்டாகத் திரண்டு ஒட்டாமல் கொட்டும்.

பழைய மூசை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். விளிம்பில் மட்டும் வெளுத்து, தொட்டால் மண் போல உதிரும். அந்த இடத்தில் கிராஃபைட் எரிந்து போய்க் களிமண் மட்டும் நிற்கிறது. காற்றில் 500 டிகிரி தாண்டினாலே கிராஃபைட் மெதுவாக எரியத் தொடங்கும். இங்கேயும் ஓரப் புள்ளிகள்தான் முதலில் மாட்டுகின்றன. தளத்தின் நடுவில் இருக்கும் அணுவை மூன்று பக்கமும் பிடித்திருக்கிறார்கள், ஆக்ஸிஜனால் சுலபத்தில் தொட முடியாது. ஓரத்தில் இருப்பதைத்தான் பிடுங்கிக்கொண்டு போகும். விளிம்பு வெளுத்து மெலிந்த மூசையில் நிறையத் தங்கம் போட்டு இடுக்கியால் விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் உடைந்து கொட்டிவிடும். அப்படிப்பட்ட மூசையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மூசையின் விலை தங்கத்தின் விலை இல்லை.

புது மூசையை நேரடியாக முழுத் தீயில் வைக்காதீர்கள். "சூடு காட்டிட்டு வைப்பா" என்று ஆசாரி சொல்வது சும்மா இல்லை. மழைக்காலத்தில் மூசை ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அந்த ஈரம் திடீரென்று ஆவியானால் விரிசல் விடும். மெதுவாகச் சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிட்டு அப்புறம் தீயைக் கூட்டுங்கள். வெண்காரத்தை அளவோடு போடுங்கள், அதிகமானால் மூசையின் களிமண்ணையே கரைத்துக்கொண்டு போகும்.

பிளாட்டினத்தை மட்டும் இந்த மூசையில் உருக்கவே கூடாது. உருகிய பிளாட்டினம் கார்பனைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும், ஆறிய பிறகு தட்டினால் நொறுங்கும்.

போன் பேட்டரியில்

அட்டையில் 33 மில்லிமீட்டர் இடைவெளி விட்டோமே, அந்த வெட்ட வெளிதான் லித்தியம் பேட்டரியில் குடியிருக்க இடம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் தளங்களுக்கு நடுவே நுழைந்து உட்காருகின்றன. முழுச் சார்ஜில் ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம். அப்போது தள இடைவெளி 0.335இலிருந்து 0.370 நானோமீட்டராகக் கூடுகிறது, அதாவது பத்து சதவீதம் போல வீங்குகிறது. உபயோகிக்கும்போது லித்தியம் வெளியேற, இடைவெளி பழையபடி சுருங்குகிறது. நடுவே இருக்கும் ஈர்ப்பு பலவீனமாக இருப்பதால்தான் தளங்கள் விலகி வழிவிடுகின்றன, தளத்துக்குள் பிணைப்பு வலுவாக இருப்பதால்தான் இத்தனை முறை விலகியும் தளம் கிழியாமல் இருக்கிறது.

அறுகோணத்தின் ஓட்டை வழியாக லித்தியம் இறங்க முடியாது, அவ்வளவு சின்ன ஓட்டை. ஓரம் வழியாகத்தான் நுழைய வேண்டும். மிக வேகமாகச் சார்ஜ் திணித்தால் வாசலில் நெரிசல் உண்டாகி, உள்ளே போக முடியாத லித்தியம் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதும், சில நேரம் ஆபத்தில் கொண்டுபோய் விடுவதும் இந்தப் படிவுதான். மின்சாரம் இருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும் என்று தரமில்லாத வேகச் சார்ஜர் வாங்குபவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பரீட்சையில் எழுதும்போது

"கிராஃபைட் ஏன் மின்சாரம் கடத்துகிறது?" என்றால் மூன்றையும் வரிசையாக எழுதுங்கள்: ஒவ்வொரு கார்பனும் மூன்று கார்பனோடு மட்டும் பிணைந்திருக்கிறது, ஒவ்வொரு அணுவிலும் ஒரு எலக்ட்ரான் மிஞ்சுகிறது, அந்த எலக்ட்ரான்கள் தளத்தோடு ஓடுகின்றன. "ஏன் மென்மை?" என்றால் தளங்களுக்கு இடையே இருக்கும் விசை பலவீனம் என்று எழுதுங்கள், பிணைப்பு பலவீனம் என்று எழுதினால் மார்க் போய்விடும். "ஏன் உருகுநிலை மிக அதிகம்?" என்று கேட்டால் தளத்துக்குள் இருக்கும் சகப்பிணைப்பைச் சொல்லுங்கள், தளங்களுக்கு நடுவே இருக்கும் விசையை அங்கே இழுக்காதீர்கள்.

படம் கேட்டால் குறைந்தது இரண்டு தளமாவது வரையுங்கள், ஒன்று போதாது. தளத்துக்குள் பிணைப்புக்கு முழுக்கோடு, தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே புள்ளிக்கோடு. இடைவெளியைப் பிணைப்பு நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விட்டு வரையுங்கள், 0.142, 0.335 என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். மேல் தளத்தைக் கொஞ்சம் நகர்த்தி வரைய நேரம் இருந்தால் வரையுங்கள், இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.